கேசட்டிலிருந்து ப்ளூரே வரை: வீட்டு வீடியோ வடிவத்தை மாற்றுவதன் பயன்

வீட்டு வீடியோ வடிவம் என்பது திரைப்படம், நாடகம், குடும்ப நிகழ்ச்சி முதலியவற்றை வீட்டுத் தொலைக்காட்சியில் பார்ப்பதற்காகப் பதிவு செய்து வைக்கும் முறையைக் குறிக்கும். விஎச்எஸ் கேசட், விசிடி, டிவிடி, ப்ளூரே, அல்ட்ரா எச்டி ப்ளூரே ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வந்த முதன்மையான வடிவங்கள். ஒவ்வொன்றும் வந்தபோது, முந்தையதைக் கைவிட்டுப் புதியதை வாங்குவது தகுமா என்ற கேள்வியும் கூடவே வந்தது. மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பகுதிகளில் நாற்பது ஆண்டுகளாக நடந்த மாற்றங்களை வைத்து அக்கேள்வியை ஆராய்கிறது இக்கட்டுரை. வடிவத்தின் பெயரை மட்டும் பார்த்து வாங்கியவர்கள் பெரும்பாலும் ஏமாந்தனர் என்பதும், எந்த மூலத்திலிருந்து பதிவு எடுக்கப்பட்டது என்பதே பயனைத் தீர்மானிக்கிறது என்பதும் இதன் முடிவு.

வடிவங்களின் அளவுகள்

விஎச்எஸ் 1976இல் ஜப்பானின் ஜேவிசி நிறுவனத்தால் அறிமுகப்படுத்தப்பட்டது. படத்தின் அகலவாக்கில் ஏறத்தாழ 240 கோடுகளைப் பிரித்துக் காட்டும் திறன் அதற்கு உண்டு. 1993இல் வரையறுக்கப்பட்ட விசிடியில் இந்தியத் தொலைக்காட்சி முறைக்கு 352க்கு 288 புள்ளிகள். 1996இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டிவிடியில் 720க்கு 576 புள்ளிகள். 2006இல் வந்த ப்ளூரேயில் 1920க்கு 1080. 2016இல் வந்த அல்ட்ரா எச்டி ப்ளூரேயில் 3840க்கு 2160.

எண்களை மட்டும் பார்த்தால் ஒவ்வொரு படியும் பெரிய ஏற்றமே. டிவிடியில் விசிடியைப் போல நான்கு மடங்கு புள்ளிகள். ப்ளூரேயில் டிவிடியைப் போல ஐந்து மடங்கு. ஆனால் இவை ஒரு தட்டு எவ்வளவு கொள்ளும் என்பதைச் சொல்கின்றனவே தவிர, அதற்குள் என்ன ஊற்றப்பட்டது என்பதைச் சொல்வதில்லை. ஒரு படி பிடிக்கும் பாத்திரத்தில் அரைப் படி அரிசி போட்டுக் கொடுத்தாலும் பாத்திரத்தின் அளவு ஒரு படிதான்.

டெக் வாடகைக் காலம்

சென்னையில் தூர்தர்ஷன் ஒளிபரப்பு 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. 1982ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டிகளையொட்டி வண்ண ஒளிபரப்பு வந்தது. அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் வீடியோ டெக் நகரத்துக்குள் பரவியது. சொந்தமாக வாங்க முடிந்தவர்கள் சிலரே. விடுமுறை நாளில் டெக்கையும் சில கேசட்டுகளையும் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்து, தெருவே கூடி விடியவிடியப் பார்ப்பதுதான் பெருவழக்கு.

கேசட்டில் படத்தின் தரம் குறைவு. வாடகைக் கடையில் நூறு கை மாறிய நாடாவில் கோடுகளும் புள்ளிகளும் விழுந்திருக்கும். இதைவிடப் பெரிய இழப்பு ஒன்றை அன்று பலர் கவனிக்கவில்லை. முதல் தமிழ் சினிமாஸ்கோப் படமான 'ராஜராஜ சோழன்' 1973இல் வெளிவந்தது. அதன்பின் வந்த அகலத்திரைப் படங்கள் கேசட்டுக்கு மாற்றப்பட்டபோது, நான்குக்கு மூன்று என்ற தொலைக்காட்சிச் சட்டத்துக்குள் அடங்குவதற்காகப் பெரும்பாலும் இரு பக்கமும் வெட்டப்பட்டன. இருவர் பேசும் காட்சியில் ஒருவரின் மூக்கும் மற்றவரின் காதும் மட்டும் தெரிவது அதனால்தான்.

ஆயினும் கேசட்டுக்கு அதற்கு முன்னோ பின்னோ எந்தத் தட்டுக்கும் இல்லாத ஒரு பெருமை உண்டு. தன் வீட்டு நிகழ்ச்சியைத் தானே பதிவு செய்து வைக்கலாம் என்ற வாய்ப்பைச் சாதாரணக் குடும்பத்துக்கு முதலில் தந்தது அதுதான். இதன் முக்கியத்துவம் பின்னர் விளக்கப்படுகிறது.

விசிடி: தரமா, விலையா

1990களின் இறுதியில் கேசட்டின் இடத்தை விசிடி பிடித்தது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரிதாக எடுபடாத இவ்வடிவம் ஆசியாவில் வெற்றி பெற்றது. அகலவாக்கு நுணுக்கத்தில் அது கேசட்டை மிஞ்சவில்லை. வேகமான சண்டைக் காட்சியிலும் நடனக் காட்சியிலும் படம் கட்டம் கட்டமாக உடையும். ஒரு தட்டில் 74 முதல் 80 நிமிடமே அடங்கும் என்பதால் இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்துக்கு இரண்டு தட்டுகள், நீண்ட படத்துக்கு மூன்று.

இருந்தும் அந்த மாற்றம் வீண் என்று சொல்ல முடியாது. தட்டைப் பின்னோக்கிச் சுற்ற வேண்டியதில்லை, பூஞ்சை பிடிப்பதில்லை, நூறாவது முறை பார்த்தாலும் முதல் முறை போலவே இருக்கும். இயக்கியும் தட்டும் மலிவு. 1965இல் மயிலாப்பூரில் தொடங்கிய விவேக்ஸ், 1978இல் தி.நகரில் தொடங்கிய வசந்த் அண்ட் கோ போன்ற கடைகள் வழியாகத் தொலைக்காட்சியும் இயக்கியும் நடுத்தர வீடுகளுக்குள் நுழைந்தன. விசிடி தந்தது தெளிவு அன்று, வசதி. அதை அப்படியே புரிந்துகொண்டு வாங்கியவர்களுக்கு நட்டமில்லை.

மலிவுக்கு மறுபக்கமும் உண்டு. திரையரங்கில் ஒளிந்து எடுத்த பதிவைத் தட்டில் ஏற்றி மறுநாளே பர்மா பஜாரிலும் நடைபாதைகளிலும் விற்கும் திருட்டு விசிடித் தொழில் வளர்ந்தது. 2004இல் தமிழக அரசு குண்டர் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி, திருட்டு வீடியோ தயாரிப்போரையும் அதன்கீழ்க் கொண்டுவந்தது. பின்னர் இதே 'தியேட்டர் பிரிண்ட்' டிவிடியிலும் வந்தது. தட்டு புதிது, உள்ளே இருந்தது அதே நடுங்கும் படம். வடிவம் வேறு, மூலம் வேறு என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை.

டிவிடி: கொள்ளளவு செலவான விதம்

வடிவ மாற்றங்களுள் உண்மையிலேயே பயன் தந்தது டிவிடி என்று துணிந்து கூறலாம். முழுப்படமும் ஒரே தட்டில் அடங்கியது. அகலத்திரைப் படத்தை வெட்டாமல் காட்ட முடிந்தது. விரும்பினால் வரவழைக்கவும் வேண்டாவிட்டால் மறைக்கவும் கூடிய வசன வரிகள் வந்தன. லண்டனை மையமாகக் கொண்ட ஐங்கரன் போன்ற நிறுவனங்கள் புலம்பெயர்ந்த தமிழர்களுக்காக ஆங்கில வசன வரிகளுடன் வெளியிட்ட டிவிடிகளால், தமிழ் பேசத் தெரியாத அடுத்த தலைமுறையும் தமிழ்ப் படத்தைப் பின்தொடர முடிந்தது.

2007ஆம் ஆண்டையொட்டி மோசர் பேயர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியது. திருட்டுத் தட்டின் விலைக்கே அசல் தட்டு கிடைத்தது. இரண்டுக்கும் இடையில் ஆறு ரூபாய்தான் வேறுபாடு என்பதால், விசிடியிலிருந்து டிவிடிக்கு மாறுவதா என்ற கேள்விக்கே இடமில்லாமல் போயிற்று.

ஆனால் மலிவு விலைக் காலத்தில் இன்னொரு பழக்கமும் வேரூன்றியது. ஒரே டிவிடியில் மூன்று படம், நான்கு படம் என்று அடைத்து விற்றனர். இதன் விளைவைச் சிறு கணக்கால் அறியலாம். ஓரடுக்கு டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிகாபைட். இரண்டரை மணி நேரப் படம் ஒன்றை மட்டும் அதில் ஏற்றினால், நொடிக்கு ஏறத்தாழ 4.2 மெகாபிட் தரவு கிடைக்கும். மூன்று படங்களை ஏற்றினால் ஒவ்வொன்றுக்கும் நொடிக்கு 1.4 மெகாபிட்தான். விசிடியில் படத்துக்கும் ஒலிக்கும் சேர்த்துக் கிடைப்பதும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஆக, 'மூன்று படம் ஒரே தட்டில்' வாங்கியவர் டிவிடி என்ற பெயரில் விசிடியின் பங்கையே வீட்டுக்கு எடுத்துச் சென்றார்.

திரையின் அளவும் உட்காரும் தூரமும்

இயல்பான பார்வையுடைய கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு அளவுள்ள நுணுக்கத்தைத்தான் பிரித்தறியும். அதைவிடச் சிறிய புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். எனவே திரை எவ்வளவு பெரிது, எவ்வளவு தள்ளி உட்கார்கிறோம் என்ற இரண்டையும் சேர்த்தே வடிவத்தை மதிப்பிட வேண்டும்.

தமிழக அரசு 2006 செப்டம்பரில் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வழங்கப்பட்டது 14 அங்குலப் பெட்டி. அதில் விசிடியின் ஒரு புள்ளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. எட்டு ஒன்பது அடி தள்ளிப் பார்த்தால் புள்ளியளவில் விசிடிக்கும் டிவிடிக்கும் வேறுபாடு தெரியாது; கட்டம் உடைவது மட்டுமே காட்டிக்கொடுக்கும்.

இன்று பரவலாக உள்ள 43 அங்குலத் தட்டைத் திரையை எடுத்துக்கொண்டால், நன்றாகத் தயாரிக்கப்பட்ட டிவிடி சுமார் பத்தடி தூரத்திலிருந்து பார்ப்பவருக்குக் குறையாகத் தோன்றாது. அதே திரையில் ப்ளூரேயின் முழு நுணுக்கத்தைக் காண ஐந்தரை அடி தூரத்துக்கு வர வேண்டும். அதைவிட நெருங்கினால்தான் 4கே தரத்தின் கூடுதல் புள்ளிகள் கண்ணுக்கு எட்டும். மேற்கு மாம்பலத்திலோ மந்தைவெளியிலோ பழைய அடுக்ககக் கூடத்தில் சோபாவுக்கும் சுவருக்கும் இடையே எட்டு முதல் பத்தடி இருக்கலாம். அத்தகைய வீட்டில் 43 அங்குல 4கே தொலைக்காட்சிக்குக் கூடுதலாகக் கொடுத்த பணத்தின் பெரும்பகுதி கண்ணுக்கு எட்டாத புள்ளிகளுக்குக் கொடுத்ததே. புதிய திரைகளில் நிறமும் ஒளி வேறுபாடும் மேம்பட்டிருக்கலாம். அது வேறு கணக்கு.

பதிவின் பிறப்பு

ஒரு படைப்பு எதில் பிறந்தது என்பதே அடுத்த கேள்வி. இதை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, படச்சுருளில் பிறந்தவை. 35 மி.மீ. நெகட்டிவில் உள்ள நுணுக்கம் டிவிடி காட்டுவதைவிட மிக அதிகம். நல்ல நிலையில் உள்ள நெகட்டிவைப் புதிதாக வருடி எடுத்தால் 1960களின் கறுப்பு வெள்ளைப் படமும் ப்ளூரேயில் முழுப் பயன் தரும்.

இரண்டாவது, வீடியோ நாடாவில் பிறந்தவை. 1980, 90களின் தொலைக்காட்சித் தொடர்கள், கச்சேரிப் பதிவுகள், சபா நாடகப் பதிவுகள் எல்லாம் இவ்வகை. தி.நகர் வாணி மகாலிலோ கிருஷ்ண கான சபாவிலோ அக்காலத்து வீடியோ கேமராவால் எடுத்த நிகழ்ச்சியில், டிவிடியைத் தாண்டிய நுணுக்கம் தொடக்கத்திலேயே இல்லை. அதை எச்டி என்று அச்சிட்டு விற்பது பழைய துணிக்குப் புதுக் கஞ்சி போடுவதற்கு ஒப்பானது.

மூன்றாவது, கணினி வழியாக நிறைவு செய்யப்பட்டவை. 2000களுக்குப் பிறகு வந்த படங்கள் பலவும் 2கே அளவில் முடிக்கப்பட்டன. அதில் அகலவாக்கில் 2048 புள்ளிகள்; ப்ளூரேயில் 1920. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். எனவே அப்படங்களுக்கு ப்ளூரே பொருத்தமானது; 4கே என்பது பெரிதும் இட்டு நிரப்பியது.

இந்தப் பகுப்பைக் கொண்டு பார்த்தால், ப்ளூரேயால் மிகுந்த பயன் பெற்றிருக்க வேண்டியவை பழைய தமிழ்ப் படங்களே. ஆனால் அவற்றுள் மிகச் சிலவே அவ்வடிவத்தில் வந்தன. அதற்குக் காரணம் தொழில்நுட்பமின்மை அன்று. சாலிகிராமத்தில் உள்ள பிரசாத் நிறுவனம் வெளிநாட்டுப் படங்களுக்கே மீட்டெடுப்புப் பணி செய்துவந்திருக்கிறது. பிலிம் ஹெரிடேஜ் பவுண்டேஷன் தன் படப் பாதுகாப்புப் பயிற்சிப் பட்டறையை 2017 அக்டோபரில் சென்னையில் நடத்தியது. திறமை ஊரிலேயே இருந்தது. செலவு செய்ய உரிமையாளர்கள் முன்வரவில்லை, பல படங்களின் நெகட்டிவும் நல்ல நிலையில் இல்லை.

விதிவிலக்காகச் சொல்லத்தக்கது 'கர்ணன்'. 1964இல் பி.ஆர். பந்துலு இயக்கிய இப்படம் மீட்டெடுக்கப்பட்டு 2012 மார்ச்சில் திரையரங்குகளுக்கு மீண்டும் வந்து பல வாரங்கள் ஓடியது. மூலத்தைச் சீர்செய்தால் அரை நூற்றாண்டுக்குப் பிறகும் மக்கள் காசு கொடுத்துப் பார்ப்பார்கள் என்று அது காட்டியது. அதன் வெற்றிக்குப்பின் வந்த மறுவெளியீடுகளில் சில, பழைய சதுரச் சட்டத்தை அகலத்திரைக்காக மேலும் கீழும் வெட்டின. 1.37 விகிதப் படத்தை 2.35 விகிதத்துக்குள் வெட்டினால் பத்தில் நான்கு பங்குப் படம் போய்விடும். அன்று கேசட்டுக்காகப் பக்கவாட்டில் வெட்டினோம்; இன்று அகலத்திரைக்காகத் தலையையும் காலையும் வெட்டுகிறோம். இரண்டையும் மேம்பாடு என்றே விற்கிறோம்.

தட்டிலிருந்து இணையத்துக்கு

நுங்கம்பாக்கம் லேண்ட்மார்க், அடையாறு ஒடிஸி போன்ற புத்தகக் கடைகளில் ஒரு காலத்தில் டிவிடிக்கெனத் தனி அலமாரிகள் இருந்தன. அந்தக் காலம் முடிந்துவிட்டது. 2015 மார்ச்சில் இயக்குநர் சேரன் தம் 'சினிமா டு ஹோம்' திட்டத்தின்கீழ் 'ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை' படத்தை நேரடியாக டிவிடியில் வெளியிட்டார். முயற்சி துணிச்சலானது, ஆனால் நீடிக்கவில்லை. 2016 ஜனவரியில் நெட்பிளிக்ஸ் இந்தியாவுக்கு வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோ வந்து இணையத் தரவின் விலையைச் சரித்தது. 2018இல் மோசர் பேயரைக் கலைக்க உத்தரவாயிற்று.

இணையவழிப் படம் வசதியானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அங்கும் பெயர் வேறு, பொருள் வேறு. 4கே ஒளிபரப்புக்கு நொடிக்கு 15 மெகாபிட் வேகம் போதும் என்கின்றனர். ஓரடுக்கு ப்ளூரேயில் இரண்டரை மணி நேரப் படத்துக்கு நொடிக்கு 22 மெகாபிட் இடமுண்டு. இணையவழிச் சுருக்க முறை புதியது, திறன் மிக்கது என்பதைக் கழித்துக்கொண்டாலும், 4கே என்ற முத்திரை ஒன்றே தட்டைவிட மேலான படத்துக்கு உறுதி ஆகாது. மேலும், சந்தாதாரர் பெறுவது பார்க்கும் அனுமதி மட்டுமே. உரிம ஒப்பந்தம் முடிந்தால் படம் பட்டியலிலிருந்து மறையும். வீட்டு அலமாரியில் உள்ள 34 ரூபாய் டிவிடியை எவரும் வந்து எடுத்துச் செல்வதில்லை.

மாற்றியே தீர வேண்டியவை

இதுவரை சொன்னவை கடையில் வாங்கிய படங்களைப் பற்றியவை. அவற்றில் தாமதம் குற்றமில்லை; இன்று வாங்காத தட்டை நாளை வாங்கலாம், அல்லது விட்டுவிடலாம். வடிவ மாற்றம் கட்டாயமாகும் இடம் வேறு. அது வீட்டில் பதிவானவற்றின் இடம்.

1980களின் நடுப்பகுதி முதல் சுமார் இருபது ஆண்டுகள் சென்னையில் நடந்த திருமணங்கள், அரங்கேற்றங்கள், அறுபதாம் கல்யாணங்கள், பள்ளி ஆண்டு விழாக்கள் விஎச்எஸ் கேசட்டிலும் பின்னர் மினிடிவி நாடாவிலும் பதிவாயின. மறைந்த தாத்தாவின் நடையும் பாட்டியின் குரலும் அந்த ஒரே நாடாவில்தான் இருக்கும். சந்தையில் அதற்கு மறுபதிப்பு கிடையாது.

நாடாவில் காந்தத் துகள்களைப் பிடித்துவைத்திருக்கும் பசை ஈரக்காற்றில் சிதையும். கடலோர நகரமான சென்னையில் பூட்டிய பீரோவிலும் பூஞ்சை படரும். ஓட்டிப் பார்க்கும் கருவியும் அருகிவிட்டது. கடைசிவரை வீடியோ டெக் தயாரித்துவந்த ஜப்பானின் பியூனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியது. இப்போது ஓடுபவை பழைய டெக்குகள். அவற்றின் தலைப்பகுதி தேய்ந்தால் மாற்று கிடைப்பது அரிது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றின் கரையோரமாகக் கோட்டூர்புரம், சைதாப்பேட்டை போன்ற பகுதிகளில் தரைத்தள வீடுகள் மூழ்கியபோது, அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தவை சேற்றில் ஊறின. நகையும் பத்திரமும் மேல்தட்டில் இருந்திருக்கலாம்; பழைய கேசட்டை எவரும் மேலே வைப்பதில்லை.

எனவே நாடாக்களைக் கணினிக் கோப்பாக மாற்றுவது தள்ளிப்போடக் கூடாத வேலை. இங்கும் சில கவனங்கள் தேவை. பூஞ்சை தெரியும் நாடாவைச் சுத்தம் செய்யாமல் ஓட்டக் கூடாது. நாடாவும் கெடும், டெக்கும் கெடும். மூன்று மணி நேரக் கேசட்டை ஒரே டிவிடியில் நெருக்கி அடைக்கச் சொல்லக் கூடாது. முடிந்த அளவு குறைவாகச் சுருக்கிய கோப்பாகக் கேட்டு வாங்க வேண்டும். நான்குக்கு மூன்று என்ற சட்டத்தை அகலமாக இழுக்க விடக் கூடாது. மணமக்கள் குள்ளமாகவும் பருமனாகவும் தெரிவார்கள். எச்டியாக மாற்றித் தருவதாகக் கூறிக் கூடுதல் கட்டணம் கேட்டால், நாடாவில் இல்லாத நுணுக்கத்தை எவராலும் கொண்டுவர முடியாது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

எழுதத்தக்க டிவிடியில் பதிவு சாயப் பூச்சில் அமைவதால் அதுவும் காலத்தால் மங்கும். ஆகவே முன்பே கேசட்டிலிருந்து டிவிடிக்கு மாற்றியவர்களும் வேலை முடிந்தது என்று இருந்துவிடலாகாது. வன்தட்டில் ஒரு படி, வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் ஒரு படி என இரண்டாவது இருக்க வேண்டும். மாற்றிய பின்னும் மூல நாடாவை எறியக் கூடாது.

மதிப்பீடு

தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' 1931இல் வெளியானது. இன்று அதன் படி எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. அது எந்த வடிவத்துக்கும் மாற முடியாமல் போனதற்குக் காரணம், புதிய வடிவம் வருவதற்குள் மூலம் அழிந்துபோனதே. தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய படங்களின் பாட்டுப் புத்தகங்கள் பாதுகாக்கப்படுகின்றன. அணா விலைக்கு விற்ற பாட்டுப் புத்தகத்தை ஒருவர் எறியாமல் வைத்திருந்தார் என்பதால்தான் சில படங்களைப் பற்றி ஏதோ கொஞ்சமாவது தெரிகிறது.

இதிலிருந்து வாங்குவோருக்குக் கிடைக்கும் அளவுகோல் எளியது. கேசட்டிலிருந்து டிவிடிக்கு மாறியது பயனுள்ளது. டிவிடியிலிருந்து ப்ளூரேக்கு மாறுவது, நெகட்டிவிலிருந்து புதிதாக எடுத்த படத்துக்கும் பெரிய திரைக்கும் மட்டும் பயன் தரும். வீட்டுக் கூடத்துக்கு 4கே பெரும்பாலும் அவசரத் தேவையன்று. ஆனால் வீட்டு நாடா அப்படிக் காத்திருக்காது. புதிய இயக்கிக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியையாவது முதலில் பீரோவின் கீழ்த்தட்டுக்குச் செலவிடுவது நல்லது.